இன்டர் பாஸ் பொண்ணு

பி.டெக். படித்ததை ஒளித்து வைத்துத்தான் என் முதல் வேலையில் சேர்ந்தேன். இதைச் சொன்னால் சிலர் உச்சுக் கொட்டுகிறார்கள். சிலர், பொய் சொல்லியா சேர்ந்தாய் என்று புருவத்தைத் தூக்குகிறார்கள். இரண்டு தரப்பின் மீதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆமாம், பொய்தான். மறுபடியும் அந்த நிலைமை வந்தால் மறுபடியும் சொல்வேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, காலேஜில் இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் தட்டுத்தடுமாறி வந்தவள் நான். நைனாவுக்குச் சொந்தமாக நிலம் என்று ஒன்று வந்ததே நான் பிறந்த பிறகுதான். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் அடுத்தவர் நிலத்தில் கூலி. நான் இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்த சமயத்தில் திருப்பதியைச் சுற்றி மாந்தோப்புக்கு ஒன்றாக இஞ்சினீயரிங் காலேஜ்கள் முளைத்துக்கொண்டிருந்தன. ஃபீஸை அரசாங்கம் கட்டுகிறது என்றார்கள். நைனா என்னைக் கொண்டுபோய் மெக்கானிக்கலில் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு டீக்கடையில் முன்பின் தெரியாத ஆளிடம்கூட, "எம் பொண்ணு இஞ்சினீரு படிச்சிக்கினு கீறா" என்று சொல்லிவிட்டுத்தான் டீ கிளாஸைக் கையில் வாங்குவார்.

அந்தக் காலேஜில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. இது தன்னடக்கம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் லேத் இருந்தது, ஆனால் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மாட்டார்கள். கெட்டுவிடுமாம். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள், டிராயிங். அதற்கு மெஷின் வேண்டாமே, ஸ்கேலும் பென்சிலும் போதும். கோடு ஒரு நூல் தடித்திருந்தாலும் ஷீட்டைக் கிழித்துப் போடுகிற ஒரு சார் இருந்தார். அவர் புண்ணியத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொருளை முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று பிரித்து வரைய எனக்கு வந்தது.

கடைசி வருஷத்துப் ப்ராஜெக்ட்டுக்கு என் மனதில் ஒன்று இருந்தது. பிடுங்கிப் போட்ட நிலக்கடலைச் செடியிலிருந்து காயை ஆய்கிற மெஷின். கரண்ட் வேண்டாம், சைக்கிள் மாதிரி மிதித்தால் போதும். எங்கள் வீட்டுப் பெண்கள் விரல் தோல் உரிய உரியக் காய் ஆய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கு வேறு என்ன தோன்றும்? துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை அவர். "நுவ்வு சேயலேவம்மா" என்றார். உன்னால் முடியாதம்மா. அதைக் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. மகளுக்குப் புத்தி சொல்வதுபோல ரொம்ப அன்பாகச் சொன்னார். ஓடாது, வைவாவில் மாட்டிக்கொள்வாய், டிகிரி நின்றுபோகும். அப்புறம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையைச் சொல்லி அனுப்பினார்.

ப்ராஜெக்ட் சென்டர் என்று போர்டு போட்டிருந்த அந்தக் கடையில் அலமாரி அலமாரியாகக் கண்டுபிடிப்புகள் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் பேட்ச்சுக்கு ஒரு மெஷின் கட்டிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "போன வருஷம் இது பச்சை கலர்ல இருந்தது இல்ல?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், துறைத் தலைவரும் சிரித்தார். எங்களுக்கு நல்ல மார்க் விழுந்தது. பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை இல்லை, சொந்தமாக யோசிக்கத் தெரியவில்லை என்று இப்போது மேடைக்கு மேடை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வரும். தெரியவிடாமல் செய்தது யார் என்று கேட்கத் தோன்றும்.

டிகிரி வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனேன். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று அலைந்ததில் எல்லா இடத்திலும் அனுபவம் இருக்கிறதா என்றார்கள். அந்த அனுபவம் எந்த இடத்தில் கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி ஊருக்கு வந்தேன். அதற்குள் எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடெல்லாம் தொழிற்பேட்டையாகி, கம்பெனி பஸ்கள் ஊருக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போயின. அசெம்பிளி லைனில் நிற்க ஆள் வேண்டும், இன்டர் பாஸாகியிருந்தால் போதும். ஆனால் டிகிரி இருந்தால் எடுக்க மாட்டார்கள். படித்தவர்கள் நிலைத்து நிற்க மாட்டார்களாம், கேள்வி கேட்பார்களாம். ஆள் சேர்க்கிற கான்ட்ராக்டர் பச்சையாகச் சொன்னார். "டிகிரிய வூட்ல வெச்சிட்டு வாம்மா. இன்டர் மார்க் ஷீட்டு மட்டும் எடுத்துக்கினு வா."

இன்டர்வியூவில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன். இன்டர் முடித்த பிறகு இத்தனை வருஷம் என்ன செய்தாய்? வீட்டில் இருந்தேன் என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் வருஷக்கணக்கில் வீட்டில் சும்மா இருந்தேன் என்று சொன்னால் இந்த நாட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. நான் கஷ்டப்பட்டுப் படித்த வருஷங்களை அந்த ஒரு வார்த்தை அப்படியே விழுங்கிவிட்டது.

அதற்கடுத்துக் கம்பெனி சார்பில் விசாரிக்க ஒருவர் பைக்கில் வீட்டுக்கு வந்தார். அவர் வருவது முன்னமே தெரிந்து, நான் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்குகிற போட்டோவை அம்மா சுவரிலிருந்து இறக்கி பீரோவுக்குப் பின்னால் சொருகியிருந்தாள். நைனா வாசலில் நின்றார். வந்தவர் தெலுங்கில் கேட்டார், நைனாவும் தெலுங்கிலேயே சொன்னார்.

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

"இன்டர் சார்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல படிப்பு ஏறல சார், அவளுக்கு."

அப்படிச் சொல்லச் சொல்லி நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே சேர்த்துக்கொண்டார். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த வாயால் அதைச் சொல்லிவிட்டு, பைக் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "போ, போயி துன்னு. நாளிக்கி வேலைக்குப் போவணும்ல" என்றார். நைனாவை அப்படிச் சொல்ல வைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அது செல்போன் சார்ஜர் செய்கிற கம்பெனி. தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், கைக்கு உறை. கண்ணை மட்டும் வைத்துத்தான் யார் என்று தெரியும். சேர்ந்த சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது, எங்கள் லைனில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். ஒருத்தி பி.எஸ்சி. கணக்கு, ஒருத்தி எம்.பி.ஏ. கேன்டீனில் ஒருத்தியை ஒருத்தி, "ஏ இன்டர், சாம்பார எடு" என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொள்வோம்.

அந்தக் கணக்குக்காரி எனக்குப் பக்கத்து இடம். சார்ஜருக்குள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைப்பது அவள் வேலை. ஷாக் அடிக்காமல் காக்கிற தாள் அது. நீளவாக்கில் எந்தப் பக்கம் எது என்று பார்த்தவுடன் தெரியாது, ஆனால் தலைகீழாக வைத்தால் மூட வேண்டிய இடத்தை மூடாது. கடைசி டெஸ்ட்டில்தான் அது மாட்டும். மாட்டினால் அந்த லாட்டையே பிரித்துப் பார்க்க வேண்டும், வைத்தவளை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி வைத்துத் திட்டுவார்கள். அவளை அப்படி அடிக்கடி நிறுத்தினார்கள். ஒருநாள் மாஸ்க் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் அப்படியும் ஒரே மாதிரி உட்காருகிற தாளைக் கொடுத்துவிட்டு, தப்பாக வைத்தாய் என்று ஒருத்தியைத் திட்டுவது என்ன நியாயம்?

சிம் கார்டில் ஒரு மூலையை வெட்டியிருக்கிறார்கள் அல்லவா, ஒரே பக்கம்தான் போகும். அதுதான் என் யோசனை. தாளின் ஒரு மூலையைச் சாய்வாக வெட்ட வேண்டும். தாளை எடுத்து வைக்கிற ட்ரேயில் அதே மூலையில் சின்னதாக ஒரு மேடு வைக்க வேண்டும். ட்ரேயில் நேராக உட்கார்ந்த தாள் அப்படியே சார்ஜருக்குள்ளும் நேராகப் போகும். வார லீவில் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி ஒன்று செய்தேன். தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. சரியாக வைத்தேன், உட்கார்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டு அவளை வைக்கச் சொன்னேன். அவளுக்கும் சரியாகவே உட்கார்ந்தது. "இதுக்கா இம்மா நேரம் சோறு துன்னாம குந்திக்கினு இருந்த?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் யோசித்த ஒரு பொருள் நான் நினைத்தபடியே வேலை செய்தது அன்றுதான் முதல்முறை. உன்னால் முடியாதம்மா என்ற குரலுக்கு, முடியுது சார் என்று வாய்விட்டே சொன்னேன்.

கம்பெனியில் கைசன் என்று ஒரு வழக்கம் உண்டு. ஜப்பான்காரர்கள் கொண்டுவந்தது. வேலையை எளிதாக்க யாருக்கு எது தோன்றினாலும் எழுதிப் போடலாம். எழுதினேன். ஃபார்மின் கீழே படத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில்தான் கோட்டை விட்டேன். உண்மையான இன்டர் பாஸ் பெண்ணாக இருந்தால் ஒரு டப்பாவைக் கோணல்மாணலாகக் கிறுக்கி அம்புக்குறி போட்டிருப்பாள். நானோ ஸ்கேலை வைத்து முன்பக்கம், மேல்பக்கம் இரண்டையும் தனித்தனியாக வரைந்து, அளவுக்கோடு இழுத்து, ஓரத்தில் இஞ்சினீயர்கள் மட்டும் போடுகிற அடையாளமான வெட்டிய கூம்பையும் இரட்டை வட்டத்தையும் போட்டுவிட்டேன். யோசித்துப் போடவில்லை, கை பழக்கத்தில் போட்டுவிட்டது.

ட்ரே செய்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே தாள் தலைகீழாகப் போவது நின்றது. உறை போட்ட என் கைகள் ட்ரேயைப் பிடித்திருக்கிற மாதிரி போட்டோ எடுத்து போர்டில் ஒட்டினார்கள். கைதட்டி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். கணக்குக்காரி என் தோளைக் கட்டிக்கொண்டாள். பிளான்ட் இஞ்சினீயர் நான் எழுதிய ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு, "டிராயிங் எவ்வளவு சுத்தமா இருக்கு! இது யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இந்தப் பெண்ணை நம்ம செக்‌ஷனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எச்.ஆரிடம் சிபாரிசுகூடச் செய்தாராம். சிபாரிசு என்றதும் எச்.ஆர். என்னைப் பற்றித் தோண்டினார்கள். தோண்டினால் வராமல் போகுமா?

கூப்பிட்டு உட்கார வைத்தார் எச்.ஆர். மேனேஜர். கேட்டதும் ஆமாம், பி.டெக். என்று ஒப்புக்கொண்டேன்.

"தப்பான தகவல் கொடுத்திருக்கீங்க. எங்களுக்கு ஆபரேட்டர்தான் வேணும், இஞ்சினீயர் வேணாம்."

"சார், அப்போ என்னை இஞ்சினீயராவே எடுத்துக்கோங்க. பிளான்ட் இஞ்சினீயர்தான் கேட்கிறாரே."

"அதுக்கு அனுபவம் வேணும்மா."

"அந்த ட்ரே?"

"அது கம்பெனியோடது."

ஐ.டி. கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அது காலை நேரம். கம்பெனி பஸ் ஷிஃப்ட் முடிந்துதான் கிளம்பும், அதில் ஏற எனக்கு உரிமையும் இல்லை. ஹாட்பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

நைனா வாசலில் இருந்தார். "இன்னாடா கண்ணு, பஸ்ஸு வர்ல, நீ மட்டும் வந்துக்கினு கீற?"

"வேலைய விட்டு எடுத்துட்டாங்க நைனா."

"இன்னாத்துக்கு?"

"நான் இஞ்சினீர்னு கண்டுபுடிச்சிட்டாங்க."

நைனா சிரித்தார், சத்தம் போட்டு. சிரித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு போட்டோவை எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டினார்.

அதற்குப் பிறகு டியூஷன் எடுத்து, எம்.டெக். முடித்து, ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு காலேஜில் விரிவுரையாளராகச் சேர்ந்த கதை நீளம், சுவாரஸ்யமும் இல்லை. என்னை அங்கே புதுமை மன்றத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். மன்றம் என்றால் ஒரு போர்டு, ஒரு பூட்டிய அறை. வருஷத்துக்கொரு முறை கடைசி வருஷப் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்க வேண்டும். 'புதிய சிக்கல் எதையும் என்னால் தீர்க்க முடியும்', 'சொந்தமாகக் கற்றுக்கொள்ள என்னால் முடியும்' என்கிற மாதிரி வரிகள். எதிரே முழு சம்மதம் என்பதிலிருந்து சம்மதமில்லை என்பது வரை டிக் அடிக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் எல்லா வரிக்கும் முழு சம்மதத்தில் டிக் அடித்துவிட்டு, "இதுக்கு இன்டர்னல் மார்க் உண்டா மேடம்?" என்று கேட்பார்கள். அந்தத் தாள்களை எண்ணிக் கட்டி ஆபீஸுக்கு அனுப்புவேன். எங்கள் மாணவர்களின் தன்னம்பிக்கை பிரமாதம் என்று அறிக்கை போகும்.

ஒருநாள் அந்த சார்ஜர் கம்பெனியிலிருந்து எங்கள் காலேஜுக்குப் பேச வந்தார்கள். அடுத்த நாள் கேம்பஸ் இன்டர்வியூ, அதற்கு முன்னால் உற்சாகப் பேச்சு. வந்த எச்.ஆர். புது ஆள், என்னைத் தெரியாது. நான் என் மாணவர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் இங்கிலீஷிலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பொரிந்து தள்ளினார். பட்டதாரிகளுக்கு யோசிக்கத் தெரியவில்லை, தன் மேல் நம்பிக்கை இல்லை, எல்லாம் மனப்பாடம். அப்புறம் திரையில் ஒரு படத்தைப் போட்டார். ட்ரேயைப் பிடித்த இரண்டு கைகள்.

"இதைச் செஞ்சது யார் தெரியுமா? எங்க லைன்ல வேலை பார்த்த ஒரு இன்டர் பாஸ் பொண்ணு! டிகிரி கிடையாது. கிராமத்துப் பொண்ணு. நீங்க நாலு வருஷம் பி.டெக். படிச்சு என்ன கிழிச்சீங்க?"

என் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு முன்னால் இருந்த பையன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வேலையை வாங்கிக்கொண்டீர்கள், சரி. என் படிப்பையும் உரித்துப் போட்டுவிட்டு, அதே கையை எடுத்து என் பிள்ளைகளை அறைகிறீர்களா? எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

"சார், அது என் கை" என்றேன். "நான் அப்பவே பி.டெக். இந்தப் பிள்ளைங்க படிக்கிற இதே மெக்கானிக்கல். அந்த ட்ரேய நான் வரைஞ்ச விதத்தை வெச்சு இஞ்சினீயர்னு கண்டுபிடிச்சு, உங்க கம்பெனிதான் என்னை வெளியே அனுப்பிச்சது."

மேடையில் இருந்தவர் சுதாரித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ மேடம், நீங்க கம்பெனிக்குத் தப்பான தகவல் கொடுத்திருக்கீங்க, இல்லையா?" என்றார். பிரின்ஸிபால் என்னைப் பார்த்துக் கையால் உட்கார் உட்கார் என்று ஜாடை காட்டினார். நான் உட்காரவில்லை. என் மாணவி ஒருத்தி, நகரிப் பக்கத்துப் பெண், தறிக்கூலிக் குடும்பம், ஒருநாளும் வகுப்பில் வாய் திறக்காதவள், கையைத் தூக்கினாள்.

"சார், அப்போ ஃபார்ம்ல நாங்க பி.டெக்.னு போடணுமா, இன்டர்னு போடணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே பதில் வேண்டியிருந்தது. அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

சாயங்காலமே எனக்கு மெமோ வந்தது. புதுமை மன்றத்தையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பூட்டிய அறையின் சாவியை நான் மேஜைமேல் வீசினேன் என்று இன்னொரு புகார். வீசத்தான் செய்தேன். மறுநாள் கேம்பஸ் இன்டர்வியூவில் அந்தக் கம்பெனி ஒப்புக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு ஆள் எடுத்தது. அந்த நகரிப் பெண்ணை எடுக்கவில்லை.

கடைசி வருஷ ரிசல்ட் வந்து சில மாதம் கழித்து அவள் ஸ்வீட் பாக்ஸோடு என்னைத் தேடிவந்தாள். அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் லைன் வேலை, கான்ட்ராக்டர் மூலமாக.

"இன்டர்னுதான் போட்டேன் மேடம். எட்துக்கினாங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், நீங்க அன்னிக்கி ஹால்ல சொன்னீங்க இல்ல, அத்த நல்லா ஞாபகம் வெச்சிக்கினு கீறேன். அங்க போயி எதுவும் யோசன கீசன குடுக்காம, படம் கிடம் வரையாம இருந்தா போதும், இல்ல மேடம்?"

என்னிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது அது. கோபம் அவள் மேல் இல்லை. ஆனால் கத்தியது அவளிடம்தான்.

"வரைடி! தோணிச்சுன்னா வரை. கீழ உன் பேர எழுது. பேருக்குப் பக்கத்துல பி.டெக்.னு எழுது."

அவள் பயந்து ஒரு அடி பின்னால் போனாள். பாக்ஸின் மூடியைச் சரியாக அழுத்தி மூடினாள்.

"வேல பூடும் மேடம்" என்றாள், எனக்கு அது தெரியாது என்பதுபோல.

அவள் வரைய மாட்டாள்.